பரணிலிருந்து வந்த நின்டெண்டோ 64 டெவலப்மென்ட் கிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தில் 1990களின் கடைசியில் இயங்கிய ஒரு சிறிய கேம் ஸ்டுடியோ, நின்டெண்டோ 64 என்ற வீடியோ கேம் கன்சோலுக்கான ஒரு விளையாட்டைப் பாதிக்கு மேல் முடித்த நிலையில் மூடப்பட்டது. கம்பெனியைக் கலைத்த அதிகாரி தளவாடங்களை விற்றபோது, அங்கே வேலை பார்த்த புரோகிராமர் ஒருவர் தன் மேசையில் இருந்த கணினியையே விலைக்கு வாங்கிக்கொண்டார். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் இண்டி ஒர்க்ஸ்டேஷன் அது. உள்ளே நின்டெண்டோ 64 டெவலப்மென்ட் போர்டு பொருத்தியபடியே இருந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அவர் வீட்டுப் பரணில் கிடந்தது.

வீடு மாறும் சமயத்தில் அதை விற்றுவிட முடிவு செய்தார். பழைய டெவலப்மென்ட் கருவிகளைச் சேகரிக்கும் ஒருவர் விலை சொன்னார். இயந்திரம் ஓடுகிற வீடியோவை அனுப்பினால் அதைப்போல் இரண்டு மடங்கு தருவதாகவும் சொன்னார். உரிமையாளருக்குப் பணம் தேவைப்பட்டது. முடியாமல் போன அந்த விளையாட்டு டிஸ்க்கில் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. பிளக்கைச் சொருகும் முன் பழைய சக ஊழியர் ஒருவரிடம் யோசனை கேட்டார். அவர் மூலம் விஷயம் எங்களிடம் வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கைவந்த நண்பர் ஒருவர், டிஸ்க்கையும் அந்தக் கணினியின் யூனிக்ஸ் இயக்கமுறைமையையும் பார்த்துக்கொள்ள நான். இருவரும் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள்.

அந்த யோசனையை அவர் கேட்காமல் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு விஷயமே இருந்திருக்காது.

இந்தக் கிட் எப்படி வேலை செய்தது

நின்டெண்டோவும் சிலிக்கான் கிராஃபிக்ஸும் சேர்ந்து புதிய கன்சோல் செய்யப்போவதாக 1993 ஆகஸ்டில் அறிவித்தன. கன்சோலின் மூளையான ஆர்4300ஐ, சிலிக்கான் கிராஃபிக்ஸின் கையில் இருந்த மிப்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 93.75 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. படத்தையும் ஒலியையும் கவனிக்கும் சிப்பும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் வடிவமைத்ததுதான். ஆகவே விளையாட்டு எழுதுகிறவர்களுக்கும் அந்த நிறுவனத்தின் கணினியே கருவியானது. நீல நிறத்தில், தட்டையான பெட்டியாக இருக்கும் இண்டியின் விரிவாக்க ஸ்லாட்டில் ஒரு போர்டு உட்காரும். கன்சோலில் இருக்கும் அதே சிப்புகள் அந்தப் போர்டில் இருக்கும். விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாக 16 மெகாபைட் நினைவகம். இண்டியில் நிரலை இயந்திர மொழியாகக் கம்பைல் செய்து, 'ஜிலோட்' என்ற கட்டளையால் அந்த நினைவகத்தில் ஏற்றினால், போர்டு அதைக் கார்ட்ரிட்ஜ் என்று நம்பி ஓட்டும். படம் பக்கத்தில் இருக்கும் டிவிக்குப் போகும்.

பின்னாளில் சாதாரண பிசியோடு இணைக்கும் மலிவான கிட்டுகளும் வந்தன. இண்டி போர்டுகள் அரிதானவை என்றாலும் உலகத்தில் பல மிஞ்சியிருக்கின்றன. வெளிவராத ஒரு விளையாட்டின் மூல நிரலோ பெரும்பாலும் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும். சேகரிப்பாளர் விலை பேசியது போர்டுக்கு. எங்கள் கவலை முழுவதும் டிஸ்க்கைப் பற்றியது.

திறந்தபோது கண்டது

மூடியைக் கழற்றி எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தோம். போர்டு சுத்தமாக இருந்தது. ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள்: 1 ஜிபியில் இயக்கமுறைமை, 2 ஜிபியில் வேலைக் கோப்புகள். பவர் சப்ளையின் மின்விசிறியை விரலால் தள்ளினால் கரகரவென்று நின்றது. இண்டிக்கு இரண்டு நிறுவனங்கள் பவர் சப்ளை செய்து கொடுத்தன. அதில் ஒன்று அடிக்கடி கெட்டுப்போவதாகப் பெயர் வாங்கியது. இதில் இருந்தது அந்த வகைதான்.

மதர்போர்டில், கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் டிஎஸ்1386 சிப் இருந்தது. லித்தியம் பேட்டரியும் நினைவகமும் ஒரே கறுப்புக் கட்டிக்குள் வார்த்து மூடப்பட்ட சிப் அது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதில் உயிர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இண்டியைப் பொறுத்தவரை இது வெறும் கடிகாரப் பிரச்சினை இல்லை. இயந்திரத்தின் ஈதர்நெட் முகவரியும் அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. அந்த முகவரியை அச்சிட்ட ஸ்டிக்கர் இந்தப் பெட்டியில் தேய்ந்து, படிக்க முடியாதபடி இருந்தது.

பெட்டியோடு, கணினிக் கோப்புகளைக் காப்பு எடுத்துவைக்கும் டிடிஎஸ் டேப் ஒன்றும் வந்திருந்தது. லேபிளில் கையால் எழுதிய தேதி மட்டும்.

முதல் முடிவு: மின்சாரம் கொடுப்பதில்லை

சேகரிப்பாளர் வீடியோ கேட்டு அவசரப்படுத்தினார். உரிமையாளரிடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: டிஸ்க்குகளை வெளியே எடுத்து நகல் எடுக்கும் வரை இந்தப் பெட்டிக்கு மின்சாரம் கூடாது. காரணங்கள் மூன்று. நம்ப முடியாத பவர் சப்ளை தவறான மின்னழுத்தம் கொடுத்தால் டிஸ்க்கும் போர்டும் சேர்ந்து போகும். இவ்வளவு வருடம் அசையாமல் கிடந்த டிஸ்க் எத்தனை முறை சுழலத் தொடங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிடைக்கும் முதல் சுழற்சியை நகலெடுக்கப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். மூன்றாவது, இண்டியில் ஓடும் ஐரிக்ஸ் என்ற யூனிக்ஸ் இயக்கமுறைமை பூட் ஆகும்போதே டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். பதிவுக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள் என்று அது எழுதும் ஒவ்வொன்றும், என்றோ அழிக்கப்பட்டு இன்னும் தடயம் மிஞ்சியிருக்கும் ஏதாவது ஒரு கோப்பின் மேல் விழக்கூடும்.

உரிமையாளர் ஒப்புக்கொண்டார். சேகரிப்பாளரிடம் சில மாதம் அவகாசம் கேட்டார். அவர் மறுக்கவில்லை.

டிஸ்க் நகல்

ஸ்கஸி கார்டு போட்ட பழைய பிசி ஒன்றில் லினக்ஸ் வைத்து வேலையைத் தொடங்கினோம். எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது என்பதில் நண்பருக்கும் எனக்கும் கொஞ்சம் விவாதம். வேலைக் கோப்புகள் உள்ள டிஸ்க்தான் முக்கியம், அதை முதலில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கேபிளிலோ அதன் முனையை அடைக்கும் டெர்மினேஷனிலோ தப்பு இருந்தால் அது முக்கியம் குறைந்த டிஸ்க்கில் தெரியட்டும் என்பது என் எண்ணம். கடைசியில் இயக்கமுறைமை டிஸ்க்கிலிருந்து தொடங்கினோம். அது ஒரு செக்டார் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) விடாமல் படித்துக் கொடுத்தது.

வேலை டிஸ்க் கீச்சென்ற சத்தத்தோடு சுழலத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நிதானத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததும் இன்னொரு முடிவு எடுத்தோம்: முழுசாக முடியும் வரை இதை நிறுத்துவதில்லை. நின்று ஆறிய டிஸ்க் மறுபடி சுழலாமல் போவது இந்த வயதில் சாதாரணம். மேலே ஒரு மின்விசிறியை வைத்துவிட்டு ஓடவிட்டோம்.

பயன்படுத்திய மென்பொருள் டிடிரெஸ்க்யூ. சேதமான இடத்தில் முட்டி மோதாமல், முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, எது விட்டுப்போனது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். இந்த வரிசைதான் அதன் அருமை. டிஸ்க் நடுவில் செத்துப்போனாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். அடுத்த சுற்றில் விட்டுப்போன இடங்களைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னோம். அதில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. முடிவில் சில டஜன் செக்டார்கள் மட்டும் படிக்கவே முடியவில்லை. ஒவ்வொன்றும் 512 பைட்.

அளவில் இது ஒன்றுமே இல்லை. எந்தக் கோப்பில் விழுந்தது என்பதுதான் கேள்வி. நகலின் நகல் ஒன்றில், படிக்க முடியாத செக்டார்களை எல்லாம் எங்கேயும் தற்செயலாக வராத ஒரு அடையாள வாசகத்தால் நிரப்பினோம். ஐரிக்ஸ் 5.3இன் இஎஃப்எஸ் கோப்பு முறைமையை லினக்ஸ் படிக்கும், எழுதாது. நமக்கு வேண்டியதும் அதுதான். அதை மவுண்ட் செய்து அந்த வாசகத்தைத் தேடினால் காயம்பட்ட கோப்புகள் தாமாகவே பெயர் சொல்லிவிடும். சில செக்டார்கள் காலி இடத்தில். சில, ஒரு இசைப் பதிவில். மீதி, கேமராவின் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு சி மொழிக் கோப்பில்.

டிஸ்க்கில் இருந்தது

விளையாட்டு இருந்தது. மூல நிரல், அதைக் கட்டும் படிகளைச் சொல்லும் மேக்ஃபைல், உருவங்களின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்கள் சிலிக்கான் கிராஃபிக்ஸ் வடிவில், ஒலிக் கோப்புகள், கார்ட்ரிட்ஜில் போகும் வடிவில் கடைசியாகக் கட்டப்பட்ட ரோம் கோப்பு, எல்லாமே. டெக்ஸ்சர் ஒவ்வொன்றும் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சின்னதாக இருந்ததைப் பார்த்தபோது அந்தக் காலத்து நெருக்கடி கண்ணில் தெரிந்தது. நின்டெண்டோ 64இல் வரையும் நேரத்தில் டெக்ஸ்சர் வைக்கக் கிடைக்கும் இடம் வெறும் 4 கிலோபைட். அதற்குள் கல்சுவரையும் புல்லையும் அடக்க ஓவியர் பட்ட பாடு, கோப்பின் பதிப்பு வரலாற்றில் வரிசையாக இருக்கிறது. கடைக்குப் போன கார்ட்ரிட்ஜில் இந்த உழைப்பு தெரியாது. டெவலப்மென்ட் டிஸ்க்கில்தான் தெரியும்.

இசைக் கோப்பின் காயத்துக்கு மருந்து ரோமிலேயே இருந்தது. அதே இசை சுருக்கப்பட்ட வடிவில் அங்கே முழுதாக இருந்தது. தரம் குறைவு, ஆனால் ஒரு சுரமும் விடவில்லை. கேமரா கோப்புக்கு ஆர்சிஎஸ் உதவியது. ஸ்டுடியோவில் எல்லாரும் ஆர்சிஎஸ் பதிப்புக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது கடைசிப் பதிப்பை முழு வாசகமாகவும், பழையவற்றை வித்தியாசங்களாகவும் வைத்திருக்கும். அந்த வரலாற்றுக் கோப்பு டிஸ்க்கின் வேறு மூலையில் பத்திரமாக இருந்தது. கடைசியாகப் பதிந்த பதிப்பு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது கேமரா நிரலை மாற்றியிருந்தார்களா என்பது அப்போது தெரியவில்லை.

மின்சாரம்

இந்தக் கட்டம் சுருக்கமானது. நண்பர் பழைய பவர் சப்ளையைப் பழுதுபார்க்க முயலவில்லை. சாதாரண இண்டி ஒன்றிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையை வாங்கி, தனியாகச் சுமை கொடுத்துச் சோதித்துவிட்டுப் பொருத்தினார். நின்டெண்டோ போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, டிஸ்க்கே இல்லாமல் முதலில் ஓட்டினோம். விசைப்பலகை இல்லாவிட்டால் இண்டி சீரியல் போர்ட்டில் பேசும். அதனால் 13டபிள்யூ3 என்ற தனி வகை இணைப்பு கொண்ட மானிட்டர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இண்டியின் தொடக்க இசை ஒலித்தது. கட்டளைத் திரையில் ஈதர்நெட் முகவரியைக் கேட்டோம். எல்லா இடத்திலும் எஃப்எஃப் என்று வந்தது. நினைத்தபடியே சிப் வெறுமையாகிவிட்டிருந்தது.

தொலைந்த முகவரி

நெட்வொர்க்கில் இணைக்கப்போவதில்லை என்றால் இந்த முகவரி எதற்கு என்று கேட்கலாம். விளையாட்டின் முப்பரிமாண மாடல்கள் எல்லாம் ஒரு வணிக மென்பொருளின் சொந்த வடிவில் இருந்தன. அந்த மென்பொருள் அதே டிஸ்க்கில் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் உரிமம் இந்த ஒரு இயந்திரத்தோடு பூட்டப்பட்டது. இண்டியின் அடையாள எண் அதன் ஈதர்நெட் முகவரியிலிருந்து பிறக்கிறது. முகவரி போனால் உரிமம் செல்லாது, மாடல்களைத் திறக்க முடியாது.

அதே பூட்டுதான் சாவியையும் கொடுத்தது. உரிமக் கோப்பு சாதாரண வாசகக் கோப்பு. எந்த இயந்திரத்துக்கு உரிமம் என்பதை எட்டு இலக்கப் பதினாறடிமான எண்ணாக அதில் எழுதியிருப்பார்கள். நாங்கள் எடுத்த நகலில் அந்த எண் 69 என்று தொடங்கியது. ஈதர்நெட் முகவரி ஆறு பைட். சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களில் முதல் மூன்று 08:00:69. இண்டியின் அடையாள எண் அந்த முகவரியின் கடைசி நான்கு பைட். ஆக 69 என்பது மூன்றாவது பைட், அதைத் தொடர்ந்து வரும் மூன்றும் இயந்திரத்துக்கே உரியவை. முன்னால் 08:00 சேர்த்தால் முழு முகவரியும் கிடைத்துவிடும். இன்னொரு மென்பொருளின் உரிமக் கோப்பிலும் அதே எண் இருந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

உரிமப் பாதுகாப்பை உடைக்கிறோமோ என்று நாங்கள் யோசித்தோம். வேறொரு இயந்திரத்தை இதுவாக நடிக்கவைத்தால் அது ஏமாற்று. இந்த இயந்திரத்துக்கு அதன் சொந்த முகவரியைத் திரும்பக் கொடுப்பதில் எந்தப் பொய்யும் இல்லை என்று முடிவு செய்தோம். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

சிப்பை என்ன செய்வது என்பதிலும் ஒரு தேர்வு இருந்தது. பலர் கறுப்பு வார்ப்பை ராவி, உள்ளே இருக்கும் பேட்டரியைத் துண்டித்து, வெளியே ஒரு சிஆர்2032 காசு பேட்டரியை இணைப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் சிப் பழைய நிலைக்குத் திரும்பாது. நண்பர் அதே சாக்கெட்டில் உட்காரும் நவீன மாற்றுப் பலகையைத் தேர்ந்தெடுத்தார். பழைய சிப் தனிப் பையில், தேதி எழுதி, இயந்திரத்தோடே இருக்கிறது. பிறகு கட்டளைத் திரையில் முகவரியை எழுதினோம்.

ஓடியது

மூல டிஸ்க்குகளை மறுபடி மாட்டவில்லை. எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டும் பலகை ஒன்றில் நகல்களை ஏற்றினோம். இண்டியில் இயக்கமுறைமை டிஸ்க்கின் எண் 1, பூஜ்யம் கன்ட்ரோலருக்கு. அதைக் கவனித்து அமைத்ததும் ஐரிக்ஸ் எழுந்து வந்தது. தேதியை 1998க்குக் கொண்டுபோனோம், உரிமங்களும் மேக்ஃபைலும் குழம்பாமல் இருக்க. மாடலிங் மென்பொருள் மறுப்பில்லாமல் திறந்தது. மாடல்களை எல்லாம் இன்று படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் நின்டெண்டோ போர்டைப் பொருத்தி, டிவியை இணைத்து, ஜிலோட் கொடுத்தோம். தலைப்புத் திரை வந்தது. உரிமையாளர் கன்ட்ரோலரை வாங்கி இரண்டு லெவல் ஆடினார். மூன்றாவது லெவல் ஏறும்போது நின்றுபோனது. கருவியில் பழுது என்று நண்பர் எழுந்தார். அந்த லெவல் ஸ்டுடியோ மூடிய சமயத்தில் பாதியில்தான் இருந்தது என்று உரிமையாளர் சொன்னார். நிரலும் அதையே சொன்னது.

அதே இயந்திரத்தில், அதே கருவிகளால் மூல நிரலை மறுபடி கட்டி, பழைய ரோமோடு பைட் பைட்டாக ஒப்பிட்டோம். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேக்ஃபைலில் விட்டுப்போன பாதை, யாரோ ஒருவருடைய கோப்புறையில் மட்டும் இருந்த தலைப்புக் கோப்பு என்று ஒவ்வொன்றாகச் சரி செய்ததும், வித்தியாசம் ஒரே இடத்தில் வந்து நின்றது: கேமரா. கடைசி ரோமைக் கட்டியபோது இருந்த கேமரா நிரல், ஆர்சிஎஸ்ஸில் பதியப்படாத ஒரு திருத்தம். டிஸ்க்கில் காயம்பட்டது அந்தக் கோப்பேதான். உரிமையாளர் ரோமிலிருந்த இயந்திர மொழியைப் பிரித்துப் பார்த்து, மாறியது என்ன என்று கண்டுபிடித்தார். குறுகிய இடத்தில் கேமரா சுவருக்குள் புகாமல் தடுக்கும் சில வரிகள்.

யாருடைய சொத்து

உரிமையாளரிடம் கம்பெனி கலைப்பு அதிகாரி கொடுத்த ரசீது இருந்தது. அதில் ஒர்க்ஸ்டேஷன், மானிட்டர் என்று மட்டும் இருக்கிறது. போர்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மென்பொருளைப் பற்றியும் இல்லை. டெவலப்மென்ட் கருவிகள் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை. அதிலுள்ள நிரல் நூலகங்கள் கன்சோல் நிறுவனத்துடையவை. விளையாட்டின் பதிப்புரிமை வெளியீட்டாளரிடம் போயிருக்கலாம், கலைப்பின்போது வேறு யாருக்காவது விற்கப்பட்டிருக்கலாம். யாருக்கும் போகாமல் மிஞ்சியிருந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி, கலைக்கப்பட்ட கம்பெனியின் மிச்சச் சொத்தாக அது முடியரசுக்குச் சேரும். எழுதியவர் வீட்டில் இருப்பதாலேயே அது எழுதியவருக்குச் சொந்தமாகிவிடாது. அங்கே நிரலின் பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 வருடம் வரை நீடிக்கும். வேலையில் இருந்தபோது எழுதியிருந்தால் அது முதலாளியுடையது.

ஆகவே நிரலையோ ரோமையோ பொதுவில் வெளியிடவில்லை. மூல டிஸ்க்குகளும், மாறாமல் இருப்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணோடு கூடிய நகல்களும், மாற்றி எடுத்த மாடல்களும், டிவி வெளியீட்டின் பதிவும் ஒரு அருங்காட்சியகத்தின் மூடிய காப்பகத்துக்குப் போயின. உரிமை தெளிவாகும் வரை யாருக்கும் காட்டுவதில்லை என்ற நிபந்தனையோடு அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இண்டியையும் போர்டையும் சேகரிப்பாளரே வாங்கினார். விளையாட்டும் நிரல் நூலகங்களும் இல்லாத, சுத்தமான ஐரிக்ஸ் மட்டும் உள்ள எஸ்டி கார்டு அதில் இருந்தது. அவருக்கு முதலில் ஏமாற்றம்தான். பேசிப் பார்த்தபின் முதலில் சொன்ன விலைக்கும் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு தொகை கொடுத்தார். விளையாட்டும் அது பிறந்த இயந்திரமும் இரண்டு இடமாகப் பிரிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சேர்ந்தே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வீடு மாறுகிற ஒரு மனிதரின் பணத்தேவையைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

அடுத்த முறை மாற்றப்போவது

ரசீதையும் ஒப்பந்தங்களையும் மூடியைத் திறப்பதற்கு முன்பே கேட்டுப் படிப்போம். இந்தமுறை உரிமைப் பேச்சு கடைசியில் வந்தது. சேகரிப்பாளரோ முழு விளையாட்டோடு இயந்திரம் கிடைக்கும் என்று அதுவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே எழுத்தில் பேசியிருந்தால் அந்த மனக்கசப்பு வந்திருக்காது.

உரிமையாளரின் நினைவுகளையும் டிஸ்க்கைத் திறப்பதற்கு முன்பே பதிவு செய்வோம். கோப்புகளைப் பார்த்தபின் பேசும்போது, தான் நினைவில் வைத்திருந்தது எது, திரையில் இப்போது படித்தது எது என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை.

டேப்பை முதலிலேயே கவனிப்போம். ஒழுங்கான டிரைவ் கையில் இல்லாததால் அதை ஒதுக்கி வைத்திருந்தோம். வேலை முடிந்தபின் லேபிளைப் பதிப்பு வரலாற்றோடு வைத்துப் பார்த்தபோது, அதிலுள்ள தேதி கேமரா கோப்பின் கடைசிப் பதிவுக்குப் பிந்தியது என்று தெரிந்தது. பிரித்தெடுத்து ஊகித்த அந்த வரிகள் அதில் அசல் வடிவில், எழுதியவரின் குறிப்புகளோடு இருக்க வாய்ப்பு உண்டு. டேப் இப்போது காப்பகத்தில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரு டிரைவை அவர்களே பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது தயாரானதும் படிக்கும் வேலையில் உதவ நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.